அம்மணி வைத்த டிஷ்யூ பாக்கெட்

வேலை மாறுவதற்காக மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய சார்ஜர்கள், காலாவதியான நுழைவு அட்டைகள், யாரோ கொடுத்த சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் அடியில் பிரிக்காத ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. மேலே கறுப்பு மார்க்கரில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், "எழுதிட்டிருக்கேன், தொடாதீங்க" என்று இருந்தது. அதைக் குப்பையில் போடக் கை போனது, போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை எழுதியவர் சில வருடங்கள் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அதனால் நாங்கள் வைத்த பெயர் அம்மணி. சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தை ஒட்டி, விமானச் சரக்குகளுக்கான மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பதினைந்து வருடமாக அங்கே நிரந்தர வேலையில் இருந்தவன். அவர் ஒப்பந்தத்தில் வந்தவர். ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை பாஸ், பாஸ் இருந்தால்தான் கணவரும் மகளும் இங்கே இருக்க முடியும். மகள் அப்போதுதான் பாலர் பள்ளியில் சேர்ந்திருந்தாள். அவளுடைய கோவைத் தமிழில் இந்த ஊர்ப் பேச்சின் 'லா' ஒட்டிக்கொண்டுவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "'சாப்பிட்டாச்சுங்லா'ங்கறாளுங்ணா, எங்க மாமியார் போன்ல பயந்துட்டாங்க."

எங்கள் மென்பொருளின் ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகச் சேர்ந்திருக்கும் கிடங்கை ரெப்போ என்போம். முறையாகச் செய்கிற இடங்களில் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். நடுவில் ஒரு சர்வர் அவரவர் மாற்றத்தை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். நாங்களோ சோம்பேறிகள். நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான ஒரே ஃபோல்டர், அதற்குள்ளேயே ரெப்போ, அதிலேயே எட்டுப் பேரும் எழுதுவோம். ஒருவர் எழுதும்போது அங்கே லாக் ஃபைல் என்று ஒரு குட்டிக் கோப்பு தானாக உருவாகும். அது இருக்கும்வரை மற்றவர் எழுத முடியாது. எழுதி முடித்ததும் தானாக மறையும். ஆனால் நடுவில் நெட்வொர்க் அறுந்தால் அது மறையாமல் அங்கேயே கிடக்கும். மாதத்துக்கு நாலு தடவை அப்படிக் கிடக்கும். நாங்களும் யார் எழுதுகிறார்கள் என்று கேட்காமலே அதை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அதுவரை ஒன்றும் ஆகவில்லை, அதனால் அது தப்பு என்றே தோன்றவில்லை.

அம்மணிக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ரெப்போ உடைந்துவிடும், பிறகு எதையும் எடுக்க முடியாது என்று படித்துப் படித்துச் சொன்னார். பொது ஃபோல்டரை விட்டு முறையான சர்வருக்கு மாறுவதற்கு இரண்டு பக்கத்தில் திட்டம் எழுதி என்னிடம் கொடுத்தார். குழுவுக்கு நான்தான் மூத்தவன். "நல்லாத்தான் இருக்கு லா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்றேன். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் அவர் குடும்பத்தோடு நானும் சாப்பிடப் போனேன். கூட்டம் நெரிந்தது. காலி மேசை ஒன்றைப் பார்த்து அவர் உட்காரப் போனார். நான் தடுத்தேன். மேசை நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டு உணவு வாங்க வரிசையில் நிற்கிறார்கள் என்று விளக்கினேன். அவரால் நம்பவே முடியவில்லை. "ஆளே இல்லீங்ணா! காத்துல பறக்கிற காயிதத்துக்கு இத்தனை மரியாதைங்களா?" "வெச்சா வெச்சதுதான். யாரும் தொட மாட்டாங்க," என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை, மேலே அந்த வாசகத்தை எழுதி, இந்த பாக்கெட்டை அவர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். சுவரோரத்து அலமாரியில் அதற்கு ஓர் இடம். ரெப்போவில் எழுதப்போகிறவர் அதை எடுத்துத் தன் மேசையில் வைக்க வேண்டும், முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். லாக் ஃபைல் கிடந்தால், பாக்கெட் யார் மேசையில் இருக்கிறது என்று பார்த்து அவரைக் கேட்ட பிறகே அழிக்க வேண்டும். "உங்க ஊர்ல செல்லுற சட்டம் இது ஒண்ணுதானுங்களே," என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் கடைப்பிடித்தோம். இரண்டு மாதம் ஒரு பிசகும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் ஒரு சின்னத் திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். விமான நிலையச் சரக்கு முனையத்திலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. எழுதப் போனால் லாக் ஃபைல் தடுத்தது. திரும்பிப் பார்த்தேன். பாக்கெட் அம்மணியின் மேசையில் இருந்தது, நாற்காலி காலி. திருப்பி வைக்க மறந்து சாப்பிடப் போய்விட்டார் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். உணவகம் இரண்டு மாடி கீழேதான். ஒரு போன் போட்டிருந்தால் போதும். உணவங்காடியில் ஊர்பேர் தெரியாதவர் வைத்த பாக்கெட்டை நகர்த்த எனக்குக் கை வராது. பக்கத்து மேசைக்காரர் வைத்ததைப் பார்த்துக்கொண்டே லாக் ஃபைலை அழித்தேன்.

அவர் மறக்கவில்லை. மூன்று வாரம் உழைத்துத் திருத்திய சரக்கு எடைக் கணக்கீட்டுப் பகுதி முழுவதும் அப்போது ரெப்போவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. யாருக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்று சாப்பாட்டு நேரமாகப் பார்த்து ஓடவிட்டு, பாக்கெட்டை நம்பிக் கீழே போயிருக்கிறார். அதன் நடுவில் என் திருத்தமும் உள்ளே போனது. அவர் திரும்பி வந்தபோது ரெப்போ திறக்கவில்லை; அதே ஃபோல்டரில் இருந்த அவருடைய கோப்புகளும் சிதைந்துபோயிருந்தன, தனி நகல் யாரிடமும் இல்லை. காப்பு நகல்களை எடுத்துப் பார்த்தோம். அவையும் யாராவது எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்தவை, ஒவ்வொன்றாக உடைந்திருந்தன. உருப்படியாக இருந்தது அவர் அந்த வேலையைத் தொடங்குவதற்கு முந்தையது. அவர் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதும் பொறுப்பை மேலாளர் என்னிடமே கொடுத்தார். நெட்வொர்க் கோளாறு என்று எழுதினேன். திங்கட்கிழமை கூட்டம். வேலை நாளில், பட்டப்பகலில், அவ்வளவு பெரிய வேலையை ஓடவிட்டு இடத்தை விட்டுப் போனது யார் என்று மேலாளர் கேட்டார். அம்மணி எழுந்து, தான்தான் என்றார். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மேலாளர் சுற்றிப் பார்த்தார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மணி, கையில் வைத்திருந்த இந்த பாக்கெட்டை மெல்ல என் முன்னால் மேசைமேல் வைத்தார். இனி இது தேவையில்லை என்று கீழே வைக்கிறார் என நினைத்துக்கொண்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. முப்பது நாளில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. விமான நிலையத்தில் மகள் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள், திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று என்னிடம் சொன்னாள். அடுத்த மாதமே அம்மணியின் இரண்டு பக்கத் திட்டத்தை அப்படியே செய்து முடித்தேன். ஆளுக்கொரு நகல், ஒரே சர்வர், ஒவ்வொருவராக எழுதும் வரிசை. அதன் பிறகு ஒரு தடவைகூட ரெப்போ உடையவில்லை. என்னைப் பாராட்டிப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

இழுப்பறையில் பாக்கெட்டைக் கண்ட அன்றே அவருக்கு எழுதினேன். லாக் ஃபைலை அழித்தது நான்தான், அன்று சொல்லத் துணிவு வரவில்லை, மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை என்று நீளமாக எழுதி, பாக்கெட்டையும் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"தெரியுமுங்ணா. அழிச்சது யாருன்னு அந்த ஃபோல்டரோட பதிவுல உங்க பேரு இருந்துச்சு, அன்னைக்கே பாத்துட்டேன். ஒப்பந்தத்துல வந்தவ நான் சொன்னா பழி போடறேன்னுதான் நெனப்பாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுக்குத்தானுங்ணா அந்த பாக்கெட்ட உங்க முன்னாடி வெச்சேன், மறந்துட்டீங்களா? பாப்பா இப்ப ஆறாவது படிக்கிறா. லா எல்லாம் போயிருச்சு."

நான்கைந்து தடவை படித்தேன். பிறகு தேக்காவுக்குச் சாப்பிடப் போனேன், பாக்கெட் சட்டைப்பையில் இருந்தது. அன்றும் நல்ல கூட்டம். மேசைகளில் அங்கங்கே டிஷ்யூ பாக்கெட்டுகள், அவற்றைத் தாண்டித் தாண்டி மக்கள் தட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உரியவர் வரிசையிலிருந்து திரும்பி வந்து, பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் திங்கட்கிழமை அம்மணி எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்துத்தான் காத்திருந்தார். நான் வரவில்லை.