சிதறாத ரவை

நோர்வேயில், ஹவுகெட்டோ என்ற இடத்தில் இருந்த வீட்டின் குசினியில் மான் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கத்தி, எலும்பே இல்லாத ஒரு துண்டில் எதிலோ தட்டுப்பட்டு நின்றது. விரலால் தோண்டி எடுத்து, தண்ணீரில் கழுவி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். குறுநொய் அளவில் சாம்பல் நிற உலோகம். அது அத்தானின் முதல் வேட்டை. வேலையிடத்து நோர்வேக்கார நண்பர்களோடு சேர்ந்து படித்து, சோதனையில் சுட்டுக் காட்டி அனுமதி வாங்கியவர். அன்று முழுக்க முகத்தில் இருந்த சந்தோசம் அந்தத் துணுக்கைக் கண்டதும் வடிந்துபோயிற்று.

அக்காவின் இடது தோளுக்குள் ஊரில் யுத்த காலத்தில் வெடித்த செல்லின் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. எடுக்கப் போனால் நரம்பு கெட்டுவிடும் என்று இங்குள்ள மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள்.  அன்று அவள், மானில் துவக்குச் சூடு பட்ட இடம் எது என்று கேட்டாள். அத்தான் காட்டினார். துணுக்கு கிடந்தது அங்கிருந்து ஒரு சாணுக்கும் அப்பால்.

"அப்ப இதுக்குள்ளை இன்னும் எங்கையெல்லாம் கிடக்குதோ," என்றாள். அவர்களுடைய மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி; ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கு நஞ்சு. இறைச்சி முழுவதும் குப்பைக்குப் போனது.

அந்த மான் நின்ற இடத்திலேயே விழுந்ததைத்தான் அத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ஈய ரவை, அதாவது ஈயத் தோட்டா, உடம்புக்குள் நொறுங்கிச் சிதறும், அதனால்தான் மான் உடனே விழும் என்று வேட்டைக் குழுத் தலைவர் பிறகு விளக்கினாராம். செப்பு ரவை அப்படியில்லை, முனை பூப்போல விரிந்து ஒரே துண்டாக மறுபக்கம் போய்விடும். ஆனால் வேகம் குறைந்தால் சரியாக விரியாது, மானும் சில வேளை ஓடித்தான் விழும். இதையெல்லாம் அத்தான் அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார். வேண்டாமென்றால் வேட்டையையே விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

 அக்கா, "சிதறாததாலை சுடுங்கோ. ஆனால் மான் நோகாமல் போகவேணும்," என்றாள்.

அடுத்த கோடை முழுவதும் அத்தான் வேலை முடிந்ததும் பயிற்சித் திடலுக்குப் போனார். முதலில் வாங்கிய செப்பு ரவை அவருடைய துவக்குக்கு ஒத்துவரவில்லை. ஓட்டைகள் குறி வரைந்த தாள் முழுக்கப் பரவிக் கிடந்தன. பாரம் குறைந்த, வேகம் கூடிய ஒன்றைப் போட்டபோது அவை நெருங்கி வந்தன. கை நம்பும் தூரத்துக்கு அப்பால் சுடுவதில்லை என்றும் முடிவெடுத்துக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை நானும் கூடப் போனேன். வயலோரத்துக்கு வந்த மான் பக்கவாட்டாக நிற்கும்வரை காத்திருந்து சுட்டார். அது விழவில்லை. ஒரு துள்ளுத் துள்ளி மரங்களுக்குள் மறைந்துவிட்டது. புல்லில் இரத்தமும் அதிகமில்லை. அத்தானின் முகம் வெளிறிப்போனது.

"நோகப் பண்ணிப்போட்டன், தம்பி," என்றார்.

அக்காவிடம் என்ன சொல்வது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் மோப்ப நாயோடு வந்தார். நாய் தடுமாறவில்லை. காட்டு விளிம்பைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே, பாசிமேல் தூங்குவதுபோல் மான் கிடந்தது. ரவை இரண்டு நுரையீரலையும் துளைத்து வெளியே போயிருந்தது. ஓடிய ஓட்டத்திலேயே உயிர் போயிருக்கும் என்றார் அவர். அத்தான் முழந்தாளிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தபடி கன நேரம் எழும்பவில்லை.

வீட்டில் அக்கா ஒவ்வொரு துண்டையும் விரலால் அமத்திப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"கன நேரம் துடிச்சதோ?"

"இல்லை," என்றார் அத்தான். "ஓடேக்கையே உயிர் போட்டுது."

அதன் பிறகுதான் அடுப்பை மூட்டினாள். சோற்றோடு குழைத்த அந்த இறைச்சிதான் அதற்குள் பிறந்திருந்த பேத்தி உண்ட முதல் இறைச்சி.

துவக்கு பூட்டியிருந்த அறைப் பக்கமே ஒரு காலத்தில் போகாதவள், இந்த வருடம் தானும் வருகிறேன் என்று காட்டுக்கு வந்தாள். விழுந்து கிடந்த மரமொன்றில் என் பக்கத்தில் இருந்தாள். வெடிச்சத்தம் கேட்டதும் என் கையை இறுகப் பிடித்தாள். பிறகு எதிரொலி அடங்கும்வரை காது கொடுத்திருந்துவிட்டு, கையை விட்டாள். பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினாள்.