வரி நீளம் சொல்லும் அட்டை

எழுபதுகளின் கடைசியில் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டராக இருந்தேன். என் தம்பி அங்கேயே மூட்டை சுமந்தான். தினமும் கம்ப்யூட்டரில் ஆள் பட்டியல் அடித்து வாசலுக்கு அனுப்புவோம். பட்டியலில் பேர் இருந்தால்தான் அன்றைக்கு வேலை. வெகுநாள் காத்திருந்த தம்பிக்கு அன்று மதியம் முறை வந்திருந்தது.

அன்று பார்த்துத்தான் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட மெட்ராஸிலிருந்து இஞ்சினியர் வந்தார்.

பிரிண்டர் எப்படி ஓட வேண்டும், வரி எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் இயந்திரத்துக்குச் சொல்ல ஒரு கட்டு துளை அட்டைகள் உண்டு. இயந்திரத்தோடு வந்த அட்டைகளும் எங்கள் வசதிக்கு நாங்களே அடித்தவையும் அதில் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று எவனும் எழுதி வைக்கவில்லை. நான் போட்ட அட்டைகளிலேயே பாதி எதற்கு என்று எனக்குத் தெரியாது.

"பழைய கட்டு வேண்டாம் சார். புதுக் கட்டு கொண்டுவந்திருக்கேன்" என்றார் இஞ்சினியர்.

"அப்ப நாங்க மாத்தி வச்சதெல்லாம்?"

"எதை மாத்தினீங்கன்னு காட்டுங்க, சேர்த்துடலாம்."

எங்கே காட்ட? முதலில் வந்த கட்டு தனியாக இருந்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கலாம். அதுவும் இல்லை. பழைய கட்டை அப்படியே போட்டோம். இயந்திரம் நின்றது. புதுக் கட்டைப் போட்டோம். ஓடியது. மதியப் பட்டியலை அடித்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனோம். மடத்தனம்.

எங்கள் கடற்கரையில் ஒரே புனிதர் பேரும் ஒரே குடும்பப் பேரும் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அதனால் வரியின் கடைசியில் அப்பா பேரும் தெருவும் அடிப்போம். புதுக் கட்டு வரியைப் பாதியில் வெட்டிவிட்டது.

வாசலில் ஒரே கூச்சல். "ஏலே, பேரு ஒண்ணுதான் இருக்கு. நாலு பேரு வந்து நிக்கியள, நான் யாரலே உள்ள விட?" என்று கத்தினார் காவல்காரர். முந்தி நுழைந்தவனை விட்டுவிட்டு மற்றவர்களை வெளியே தள்ளினார்.

வெளியே தள்ளப்பட்ட தம்பி என் ஜன்னலுக்கு வந்தான்.

"அண்ணே, என் தெரு எங்கன?"

"புது சிஸ்டம் வெட்டிட்டுலே."

"பழசுல ஒழுங்காத்தான இருந்துச்சு? பெறகு என்னத்துக்குப் புதுசு?"

இஞ்சினியரைப் பார்த்தேன். "இது வேகமா ஓடும்" என்றார் அவர்.

"வேகமா ஓடி எம்பேர மட்டும் அறுத்துட்டாக்கும்" என்றான் தம்பி.

பழைய கட்டில் வரி நீளத்துக்கான அட்டையைத் தேடி எடுத்தோம். புது சிஸ்டம் அதை ஏற்கவில்லை. எண்களை வேறு இடத்தில் துளைக்க வேண்டுமாம். புதிதாக ஒன்று அடித்துப் போட்டதும் பட்டியல் அப்பா பேர், தெருவோடு முழுசாக வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அதற்குள் பாதி மூட்டை இறங்கியிருந்தது.

உள்ளே போனவனை வெளியே அனுப்பச் சொன்னேன். "அவன் பொய்யா சொன்னான்? அவன் பேரும் அதுதான அண்ணாச்சி" என்றார் காவல்காரர்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பி சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.