எக்ஸ்பிரஸ் நின்ற நிலையம்

அந்தக் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் எக்ஸ்பிரஸ். நடையில் வேகம் என்பது பாதிக் காரணம். வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுப் புறப்பட்டாரானால், இடையில் எந்த நிலையத்திலும் நிற்காமல் பதிலில் போய்த்தான் இறங்குவார் என்பது மீதிக் காரணம்.

"தண்ணி இருக்கிற டம்ளர்ல போட்ட பென்சில் ஏன் வளைஞ்சு தெரியுது? ஊடகம் மாறும்போது ஒளி திசை மாறுது, அதானே?"

முன்வரிசையில் பாதி உயர்ந்த ஒரு கை, தலையைச் சொறியத்தான் எழுந்தேன் என்பதுபோல் மெல்லக் கீழே இறங்கும். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

பெயர் அவருக்கும் தெரியும். வேகத்துக்குக் கிடைத்த பட்டமாகவே எடுத்துக்கொண்டார். அந்தக் கல்லூரியில் தன்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்கும் ஆசிரியர் ஒருவரும் இல்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதில் பொய்யும் இல்லை.

குணம் பிறவியிலேயே வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரின் வீட்டிலிருந்து சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள், அவருடைய சம்மதத்தைக் கேட்கலாம் என்று அப்பா வாயெடுத்த மாத்திரத்தில், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, "என்ன கேக்க வந்தீங்க?" என்று பிறகு விசாரித்தாராம். குடும்பத்தில் இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதை ஒருமுறை பரிமாறப்படும்.

அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்தான் கணவர். கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர். காலை முதல் மாலை வரை அவருக்கு இருப்பது ஒரே கேள்வி: "முன்னாடி வச்சது தெளிவா இருக்கா, இப்ப வச்சது தெளிவா இருக்கா?" கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வந்தவர் எழுத்துப் பலகையை உற்றுப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, "இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லி, மறுபடியும் யோசித்து முடிக்கும்வரை அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இத்தனை பொறுமையும் கடையிலேயே செலவாகிவிடும், வீட்டுக்கு மிஞ்சாது என்று ஊரார் நினைக்கலாம். வீட்டில்தான் அதற்கு வேலை அதிகம்.

கல்லூரியில் ஆண்டுதோறும் இரண்டு அறிவிப்புகள் வரும். முதலாவது மாணவர் ஆய்வுத் திட்டம். மாணவர் ஒருவர் தமக்கென ஒரு கேள்வியைத் தேர்ந்து, ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் ஆராய்ந்து, ஆண்டு முடிவில் ஆய்வு நாளன்று அரங்கில் முன்வைக்க வேண்டும். இரண்டாவது ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம். தேர்வாகும் ஒரே ஓர் ஆசிரியர், அரையாண்டுக் காலம் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கிக் கற்பித்தல் முறைகளைப் பயின்று திரும்பலாம். எக்ஸ்பிரஸின் கண் இரண்டாவதன்மீது. இருமுறை விண்ணப்பித்து இருமுறையும் கிடைக்கவில்லை. காரணமும் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் முறையாக இந்த ஆண்டும் விண்ணப்பித்திருந்தார். வயது வரம்பின்படி இந்த ஆண்டை விட்டால் அவருக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

அந்த ஆண்டுதான் 'கமா' அவரிடம் வந்து சேர்ந்தாள். முதுகலை இறுதியாண்டு மாணவி. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு சற்று நின்று, அடுத்ததை எடை பார்த்து எடுத்துப் பேசுவதால் விடுதித் தோழிகள் வைத்த பெயர் அது.

"மேடம், ஆய்வுத் திட்டத்துக்கு, நான்..."

"வழிகாட்டியா இருக்கணும். இருக்கேன். தலைப்பு?"

"வகுப்புல, ஒரு கேள்வி கேட்டதுக்கு அப்புறம், ஆசிரியர்..."

"எப்படிப் புரிய வைக்கிறாங்கன்னு பாக்கப் போறே!"

"இல்லை மேடம். எவ்வளவு நேரம், காத்திருக்காங்கன்னு."

எக்ஸ்பிரஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். புதிதாக இருந்தது. கேள்வி தொடர்பானது என்றால் அது தன்னுடைய சொந்த வயல். அன்றைக்கே மளமளவென்று திட்டம் வகுத்துவிட்டார். ஆறு ஆசிரியர்கள், தாமும் அவர்களில் ஒருவர். எல்லாரிடமும் முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். கமா கடைசி வரிசையில் அமர்ந்து, கேள்வி முடிந்ததும் கைக்கடிகார அளவுள்ள நிறுத்துக்கடிகாரத்தை அழுத்த வேண்டும். யாராவது வாய் திறந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். ஆசிரியர்களின் பெயர்களுக்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கி எடுத்த எழுத்துகள்: அ முதல் ஊ வரை.

"எது யாருன்னு உனக்கு மட்டும்தான் தெரியணும். எனக்கும் சொல்லாதே. தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன், அதானே?"

கமா தலையாட்டினாள். பதில் சொல்வதற்கு அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

மாதங்கள் கழிந்து முதல் வரைவு மேசைக்கு வந்தது. அழகான வரைபடம். அ ஆசிரியர் நிதானமாகக் காத்திருக்கிறார். அது தாமாகத்தான் இருக்க வேண்டும் என்று எக்ஸ்பிரஸ் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார். மற்றவர்கள் முன்னே பின்னே. உ ஆசிரியருக்கான கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

வரைவைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார். விலங்கியல் ஆசிரியர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த உ ஆசிரியரைப் பாருங்க. இவர் கேள்வி கேக்கறாரா, கொட்டாவி விடறாரா? பிள்ளைங்க மூச்சு இழுக்கறதுக்குள்ள பதில் வந்துடுது!"

"நானா இருக்குமோ மேடம்?" என்றார் அவர் சற்றே கலவரத்துடன். அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர்.

"நீங்க கேள்வியே கேக்க மாட்டீங்களே சார். தூங்க விட்டுடுவீங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. அந்த உற்சாகத்திலேயே எக்ஸ்பிரஸ் சிவப்பு மைப் பேனாவை எடுத்து வரைவின் முடிவுரையில் தம் கையால் ஒரு பரிந்துரையைச் சேர்த்தார்: 'உ ஆசிரியரை ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு உடனடியாக அனுப்புவது நலம்.' அதைப் படித்த கமா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "நல்லா இருக்கு, அதானே?" என்று கேட்டுவிட்டு எக்ஸ்பிரஸ் படியிறங்கிப் போய்விட்டார்.

ஆய்வு நாளுக்கு முந்தின நாள் பிற்பகல், ஆளில்லாத ஆய்வகத்தில் ஒத்திகை நடந்தது. கமா பேசினாள். எக்ஸ்பிரஸ் முக்காலியில் அமர்ந்து, நாளைக்கு வரப்போகும் வெளி நிபுணரைப்போல முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"ஏன் ஆறு ஆசிரியர் மட்டும்? நேரம் போதலை, அதானே?"

க்ளிக் க்ளிக் என்று சின்னதாக ஒரு சத்தம்.

"ஒரே பாடத்தை ஏன் எடுத்துக்கலை? எல்லாத் துறைக்கும் பொருந்தணும்னு, அதானே?"

மறுபடியும் க்ளிக் க்ளிக். எக்ஸ்பிரஸ் குனிந்து பார்த்தார். கமாவின் கட்டைவிரல் நிறுத்துக்கடிகாரத்தின்மேல் இருந்தது.

"என்னம்மா பண்றே?"

"பழக்கம் மேடம். உங்க வகுப்புல, உக்காந்து உக்காந்து, கை தானா..." என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிகாரத்தின் முகப்பில் ஒரு நொடிகூட முழுதாக ஓடியிருக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் அந்த எண்ணைப் பார்த்தார். திரையில் தரையோடு கிடந்த கோட்டைப் பார்த்தார்.

"அந்த உ ஆசிரியர் நானா?" என்று கேட்டு, "நான்தான்" என்று தாமே சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தைத் தாமே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

கமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு, உங்க பயிற்சிக்கான தேர்வுக் குழுவும், அரங்குல இருப்பாங்க. உ கோட்டை எடுத்துடலாம் மேடம். அஞ்சு பேர் போதும்."

எடுத்துவிடலாம்தான். எடுத்தால் யாருக்கும் தெரியாது. 'என் வகுப்பு கேள்விகளாலேயே இயங்குகிறது' என்று விண்ணப்பத்தில் எழுதிய வரி பிழைத்துவிடும். எக்ஸ்பிரஸ் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டார். பதில் இல்லாமல் அவர் ஓர் இடத்தை விட்டுப் போனது அதுவே முதல் தடவை.

நேரே கணவரின் கடைக்குத்தான் போனார். வாடிக்கையாளர் போனதும், சோதனை நாற்காலியில் தொப்பென்று அமர்ந்து, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

"இத்தனை வருஷமா நீங்களாவது சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லலை? நான் சொல்ல விடலை, அதானே?"

கணவர் வில்லைகளைத் துடைத்தபடியே அவரைப் பார்த்தார். "நான் எதுக்குச் சொல்லணும்? இப்பவும் நீயேதான் சொல்லிட்டே."

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "கிண்டல் அப்புறம் பண்ணுங்க. கோட்டை எடுக்கட்டுமா, வேணாமா?"

கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைச் சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறிய எழுத்தில் முடியும் பலகை விளக்கொளியில் தெரிந்தது. எக்ஸ்பிரஸ் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார்.

"அந்தப் பொண்ணு மாசக்கணக்கா உக்காந்து அளந்தது" என்று கடைசியில் தாமே சொன்னார். "எடுக்கக்கூடாது. ஆனா யாருன்னு சொல்ல வேண்டிய அவசியம் இல்லை."

"சரி" என்று கணவர் விளக்கை அணைத்தார்.

ஆய்வு நாளன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் கல்லூரி முதல்வர்; பக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த நிபுணர் அம்மையார். தேர்வுக் குழுவின் தலைவரும் அவரே. கமா தன் வழக்கப்படி நின்று நின்று பேசினாள். உ ஆசிரியரின் கோடு திரையில் வந்ததும் அரங்கு சிரித்தது. எக்ஸ்பிரஸும் எல்லாரையும்போலச் சிரித்து வைத்தார்.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "உ ஆசிரியரோட அளவை என்னால நம்ப முடியலைம்மா. கேள்வி கேட்ட எந்த மனுஷரும் இவ்வளவு சீக்கிரம் பேச மாட்டாங்க. நீ கடிகாரத்தைத் தப்பா அழுத்தியிருக்கணும். ஒரு இடத்துல தப்புன்னா, மத்த அஞ்சு பேரோட அளவை மட்டும் எப்படி நம்பறது?"

"தப்பு, இல்லை மேடம். நான்..."

"அப்ப யாரு அந்த ஆசிரியர்? நானே ஒரு வகுப்புல உக்காந்து பாத்துக்கறேன்."

கமா எக்ஸ்பிரஸ் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "அதைச் சொல்லக்கூடாது மேடம். அது, ஆய்வோட விதி."

"அப்படின்னா இதை ஏத்துக்கறது கஷ்டம்" என்று நிபுணர் அமரப்போனார்.

கமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதக்கணக்கில் செய்த வேலையின் மீதிருந்த நம்பிக்கை அவள் முகத்திலிருந்து வடிந்துகொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் எழுந்து நின்றதை முதலில் கவனித்தவர் விலங்கியல் ஆசிரியர்தான்.

"அளவு சரிதாங்க. அந்த உ ஆசிரியர் நான்தான்."

அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. நிபுணர் வியப்புடன் திரும்பினார். "நீங்க சொல்றீங்க சரி. ஆனா அந்தப் பொண்ணு அளந்தது..."

"அளந்தது சரின்னு எப்படி நிரூபிப்பேன்னு கேக்கறீங்க, அதானே? என் வகுப்புக்கு..."

மேடையிலிருந்து ஒலிபெருக்கி வழியாகத் தெளிவாகக் கேட்டது: க்ளிக் க்ளிக்.

முதலில் சிரித்தது முதல்வர். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வது கடினம். நிபுணர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கேள்வியை நான் முடிக்கவே இல்லையே!" என்றார். "சரிம்மா, கடிகாரத்தை நம்பறேன்."

மதியம் பயிற்சிக்கான நேர்காணல். நிபுணரின் முன்னால் எக்ஸ்பிரஸின் மூன்று விண்ணப்பங்கள் இருந்தன.

"மூணுலயும் உங்க வகுப்புல ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. குறையே இல்லாதவங்களுக்குப் பயிற்சி எதுக்குன்னுதான் ரெண்டு தடவையும் ஒதுக்கி வச்சாங்க. இப்ப சொல்லுங்க, அங்க வந்து என்ன கத்துக்கப் போறீங்க?"

எக்ஸ்பிரஸின் நாக்கு நுனியில் மூன்று பதில்கள் முண்டியடித்தன. மூன்றையும் விழுங்கினார்.

"சும்மா நிக்கக் கத்துக்கணும்" என்றார்.

நிபுணர் கமாவின் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். உ ஆசிரியரை உடனடியாக அனுப்புவது நலம் என்ற வரி அச்சாகி நின்றது. "இந்தப் பரிந்துரை யார் எழுதினது?"

எக்ஸ்பிரஸின் முகம் சிவந்தது. "நான்தாங்க. யாருக்குன்னு தெரியாம எழுதினேன்."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லி நிபுணர் அதன்கீழ்க் கையொப்பமிட்டார்.

பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முன்பு கடைசி வகுப்பு. எக்ஸ்பிரஸ் பலகையில் எதுவும் எழுதாமல் திரும்பினார்.

"வெயில்ல ரொம்ப தூரத்துல பாக்கும்போது தார் ரோட்டுல தண்ணி கிடக்கிற மாதிரி தெரியுதே, ஏன்?"

கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வகுப்பு அவரைப் பார்த்தது. அவர் வகுப்பைப் பார்த்தார். மின்விசிறியின் சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் கையிலிருந்த சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது. மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேடம்," என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் கவலையோடு கேட்டது, "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். கேள்வி அப்படியேதான் இருக்கு."

மேலும் சற்று நேரம். முன்வரிசையில் எப்போதும் பாதியில் இறங்கிவிடும் அந்தக் கை, இறங்க வழியறியாமல் முழுதாக மேலே போயிற்று.

"மேடம், ரோடு சூட்டுல உருகறதால பளபளன்னு தெரியுதுங்களா?"

தவறான பதில். எக்ஸ்பிரஸின் உதடுகள் துடித்தன. அவற்றைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

"ம்," என்றார். "அப்படின்னா கிட்டப் போனதும் ஏன் மறைஞ்சு போகுது?"

இப்போது மூன்று கைகள் மெல்ல மெல்ல உயர்ந்தன. கடைசி வரிசையில், வேலையே இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்த கமா, கேள்வி முடிந்ததுமே கடிகாரத்தை அழுத்தியிருந்தாள். இரண்டாவது முறை அழுத்த நேரம் பிடித்தது.