என் முழங்காலுக்கு நடந்த புதுமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மன்னாரிலிருந்து நாங்கள் இருபது பேர் வேளாங்கண்ணிக்கு யாத்திரை புறப்பட்டபோது நடந்தது இது. தலைமன்னார்க் கரையில் நின்றால் இந்தியா கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கே போவதற்கு, பகல் முழுக்க பஸ்ஸில் தெற்கே போய்த்தான் விமானம் ஏற வேண்டும்.

எனக்கு வரிசையில் நிற்பதென்றால் ஆகாது. பிரான்சில் இருக்கும் மச்சான் வழி சொல்லித் தந்திருந்தார்: "முழங்கால் வருத்தமெண்டு வீல்செயார் கேளும். ராசா மாதிரித் தள்ளிக்கொண்டு போவாங்கள்." டிக்கெட் போடும்போதே கேட்டுவிட்டேன். மனைவி முறைத்தாள்.

"மகளுக்கு வேலை கிடைச்சதுக்கு முழந்தாளில போறனெண்டு நேர்ந்துபோட்டு, முழங்கால் ஏலாதெண்டு பொய்யோ? மாதா பார்த்துக்கொண்டிருக்கிறா."

"மாதாவுக்கு ஆயிரம் அலுவல்" என்றேன்.

எங்கள் குழுவில் வீல்செயார் கேட்டிருந்தவர்கள் இருவர். ஒன்று நான். மற்றவர் முருங்கனில் பஸ் ஏறியவர், என்னைவிட இளையவர், லேசாகக் காலை இழுத்து நடந்தார். விமான நிலையத்தில் வந்து நின்றதோ ஒரே ஒரு வண்டி. அடுத்தது வர நேரமாகும் என்றார்கள். எங்களூரில் போடும் இயேசுவின் பாடுகள் நாடகத்தில் எனக்கு எப்போதும் வசனமில்லாத சேவகன் வேடம்தான் தருவார்கள். அன்று நான் முனகியதைக் கேட்டிருந்தால் தலைமை வேடமே தந்திருப்பார்கள்.

"அண்ணைக்குக் குடுங்கோ" என்றார் அவர். "நான் மெல்ல மெல்ல நடந்து வாறன்."

ஆயர் பவனி போவதுபோல வரிசைக்குக் கையசைத்துக்கொண்டே போனேன்.

பாதுகாப்புச் சோதனையில் அவரும் வந்து சேர்ந்தார். அதிகாரி ஏதோ சொல்ல, அங்கே கிடந்த கதிரையில் அமர்ந்து காற்சட்டையைச் சுருட்டி, காலைக் கழற்றிக் கொடுத்தார். மிதிவெடியில் போன கால். என் பெல்ட் வந்த தட்டுக்குப் பின்னால், அடுத்த தட்டில், சப்பாத்தோடு அந்தச் செயற்கைக் கால் வந்தது. முழங்காலுக்குக் கீழே எஞ்சியிருந்த சதை உரஞ்சிச் சிவந்திருந்தது.

அப்போதே எழுந்திருக்கலாம். எழுந்தால் பொய் தெரிந்துவிடும். விமானக் கதவு வரை வண்டியில் இருந்தபடியே போனேன். அவர் நடந்தார்.

மறுநாள் வேளாங்கண்ணி மணல் பாதையில் முழந்தாளில் போய்க்கொண்டிருந்தேன். பாதையோரம் அவர் இருந்தார், கழற்றிய கால் மடியில். என்னைக் கண்டதும் கத்தினார்.

"மாதாவே! அண்ணையின்ர முழங்கால் சுகமாகிட்டுது!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

"நீங்கள் வரேல்லையோ?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"இந்தப் பாதையை நடந்து முடிப்பனெண்டு நேர்ந்தனான் அண்ணை. நேற்று நடந்ததில புண்ணாப் போச்சு, கால் ஏறுதில்லை. பரவாயில்லை, எனக்குக் கிடைக்காட்டிலும் உங்களுக்குக் கிடைச்சிருக்கே. உண்மையா முழங்கால்ல நோவு இல்லையோ?"

"ஓம், இல்லை" என்றேன். மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

மாதா செய்த அற்புதமென்று அந்தப் புதுமையை அவர் இன்றும் முருங்கன் பக்கம் சொல்லித் திரிகிறாராம். யாராவது என் முழங்காலைப் பற்றி விசாரித்தால் ஒரு பகிடி விட்டுச் சிரிக்கவைத்துத் தப்பிவிடுகிறேன். ஆனால் கோயிலில் முழந்தாளிடும் ஒவ்வொரு தடவையும் சப்பாத்துப் போட்ட அந்தக் கால் தட்டில் வந்து என் முன்னால் நிற்கிறது, அதற்கு மட்டும் என்னிடம் பகிடி இல்லை.