சிலுவை விழுந்த எஞ்சின்

கடத்தூரில் வாடகைக் கார் ஓட்டிய சவரியைப் பெரிய நல்லவர் என்று சொல்ல முடியாது. முன்கோபி. ஆனால் பொய்க் காகிதம் எதையும் அவர் கையில் வைத்திருந்ததில்லை. அவரைத்தான் 1974இல் ஒரு நாள் திருட்டு எஞ்சின்காரராகப் பார்த்தார் வாகன ஆய்வாளர்.

சவரியினுடையது வெள்ளைக்காரன் காலத்து அமெரிக்கக் கார். பெட்ரோல் விலை ஏறியதும் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, சேலத்தில் ஒரு உடைந்த வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினைப் பொருத்தினார். எஞ்சினை மாற்றினால் அலுவலகத்துக்குச் சொல்லி, அதன் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். ஏற்றாவிட்டால் வாடகைக்கு ஓட்ட முடியாது. சவரிக்கு வேறு பிழைப்பும் கிடையாது. ரசீதை எடுத்துக்கொண்டு தானாகவே தருமபுரிக்குப் போனார்.

ஆய்வாளர் பானெட்டைத் திறந்தார். எண் இருந்த இடத்தில், ஆறு இலக்கங்களில் நடு இரண்டை விழுங்கிக்கொண்டு ஒரு சிலுவை இருந்தது.

கிணறானாலும் வாசல்நிலையானாலும் சிலுவை வெட்டாமல் புழங்குவது சவரி வீட்டில் வழக்கமில்லை. எஞ்சினிலும் வெட்டச் சொல்லியிருந்தார். உளி வைக்கத் தோதாகத் தட்டையாக இருந்த ஒரே இடத்தில் மெக்கானிக் நஞ்சப்பன் வெட்டினார். எண்ணைப் பார்க்காமல் இல்லை. செத்த வேனின் எண் இனி யாருக்கு என்று நினைத்துவிட்டார்.

"நம்பரை அழிக்கிறவன் பூரா சாமி பேரைத்தான்யா சொல்றான்," என்றார் ஆய்வாளர்.

ரசீதைப் பார்த்த பிறகு கொஞ்சம் இறங்கினார். மிச்ச நாலு இலக்கமும் ஒத்துப்போயின. அந்த இடத்தை அரத்தால் ராவிச் சமமாக்கிக் கொடுத்தால் அழிந்த எண்ணுக்குப் பதிலாகப் புது எண் அடித்துத் தருவதாகச் சொன்னார். வேறு இடத்தில் அடிக்கக் கூடாதா என்று சவரி கேட்டதற்கு, எண்ணுக்கு அதுதான் இடம் என்றார்.

கூட வந்திருந்த நஞ்சப்பனிடம் சவரி அரத்தை நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெட்டுனது நானுங்க. அழிக்கிறது என்னால ஆவாது. உங்க சாமி, நீங்களே ராவிக்கங்க."

சவரி அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வெட்டும் முன் வெறும் இரும்பு. வெட்டிய பின் சிலுவை. ராவிய பின் மறுபடி இரும்பா? அலுவலகம் மூடப்போகிறது என்றார்கள். ராவினார்.

நஞ்சப்பனின் உளி ஆழமாகப் பாய்ந்திருந்தது. மேலோட்டமாக இருந்த நாலு இலக்கங்கள் தேய்ந்து போயின. சுற்றிலும் துரு நீங்கியதில் சிலுவை முன்னைவிடப் பளிச்சென்று நின்றது. ஆய்வாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். பிறகு சிலுவைக்கு இந்தப் பக்கம் மூன்றும் அந்தப் பக்கம் மூன்றுமாகப் புது எண்ணை அடிக்க வைத்தார். புத்தகத்தில் ஆறும் சேர்ந்தே ஏறின.

"அப்ப இது பழைய வண்டிங்களா, புதுசுங்களா சார்?" என்று கேட்டார் சவரி.

"சேசிஸ் பழசு, எஞ்சின் புதுசு. ஓட்டிட்டுப் போய்யா."

வேலை முடிந்ததா என்று மனைவி இன்னாசியம்மாள் கேட்டதற்கு, முடிந்தது என்றார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதிரியார் முன் முழங்காலிட்டவர், சிலுவையை ராவியது பாவமா, ராவியும் அழியாததைச் சொல்லத்தான் வேண்டுமா என்று தெரியாமல், நஞ்சப்பனைத் திட்டியதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.