கடை வாசல் வெயில்

முதலில் என் கண்ணில் படவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் புடவை எடுக்க வந்த அம்மாள்தான், "கன்னத்துல என்ன மோளே, கரி பட்டுருக்கா?" என்று கேட்டார்.

துடைத்தேன். போகவில்லை. இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் ஒழுங்கில்லாத பழுப்புத் திட்டுகள். புடவைப் பிரிவில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்த்துத் தொலைக்கவும் முடியவில்லை.

உடன் வேலை பார்க்கும் ஷீபா ஒரு களிம்பு கொடுத்தாள். சில நாளில் முகம் பளிச்சென்றது. நிறுத்தியதும் முன்னைவிடக் கறுத்து, எரிச்சலோடு திரும்பி வந்தது. முதலாளி அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு லைனிங் துணிப் பக்கம் நின்னுக்கம்மா."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் தோளில் போட்டுக் காட்டிய புடவையை வாங்காமல் போனவர்கள் குறைவு. அந்த இடத்தை எப்படி விடுவேன்?

தோல் மருத்துவர் அந்தக் களிம்பைக் குப்பைக்கூடையில் போட்டார். அதில் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து, மருத்துவரைக் கேட்காமல் முகத்தில் பூசிவந்தால் தோல் மெலியும்) இருந்தது. எனக்கு வந்திருப்பது மெலாஸ்மா (மங்கு, தோலுக்கு நிறம் தரும் பொருள் சில இடங்களில் கூடிப்போவது).

"வெயில் கொள்ளுறது உண்டோ?"

"இல்ல டாக்டர். பகல் முழுக்க கடைக்குள்ளதான்."

நம்பித்தான் சொன்னேன். மறுநாள் லைனிங் எடுக்க வந்த பெண், "லைட்டுல கலர் அறியல சேச்சி, வெளியில காட்டுங்க" என்றாள். துணியோடு வாசலில் போய் நின்றேன். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தானே இத்தனை வருஷமாக நின்றிருக்கிறேன்! எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மருத்துவரிடம் சொன்னபோது சிரித்தார். "கொஞ்சம் கொஞ்சமாயிட்டு கொண்டாலும் வெயில் வெயில்தானே?" பகலில் வெயில் தடுப்புக் களிம்பு, இரவில் வேறொரு மருந்து. எப்போது போகும் என்று துளைத்தெடுத்தேன். மாதக்கணக்காகும், போனாலும் திரும்பி வரலாம் என்றார்.

நேரே அண்ணாச்சியிடம் போனேன். "இனிமே வாசலுக்கு நான் போகமாட்டேன். வாங்குறவங்க கையிலயே முந்தானையக் கொடுத்து வெளிச்சத்துல பாக்கச் சொல்றேன். என்னைப் புடவைப் பக்கமே நிறுத்துங்க."

"முகம் சரியாகட்டுமே..."

"அது சரியாகுறப்ப ஆகட்டும் அண்ணாச்சி. புடவை விக்கிறது நான்தானே?"

அவர் புடவைப் பக்கம் கையைக் காட்டினார். "சரி, போய் நில்லு."

திட்டுகள் வெளிறியிருக்கின்றன, மறையவில்லை. மங்கு வந்தவர்களே, கண்ணாடியைவிட உங்கள் அன்றாட வேலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மாதங்களை நான் இப்போது எண்ணுவதில்லை, வானத்தைத்தான் பார்க்கிறேன். நேற்று, விடாமல் பெய்த மழை ஓய்ந்து வெயில் வந்தது. கடைத்தெருவே அப்பாடா என்றது. என் முகம் மட்டும் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.