குழி மூடும்வரை வாய் திறக்காத ராஜபாய்

நாகர்கோவிலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1954-ல் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தபோது ராஜபாய்க்கும் எனக்கும் விடுதியில் அடுத்தடுத்த கட்டில். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரி. ஊசி போட அவளுக்குக் கை நடுங்காது, சிரிக்கத்தான் யோசிப்பாள்.

மறுவருடம், எங்களுக்கு ஆங்கிலம் பழக வேண்டும் என்று எங்கள் வெள்ளைக்கார ஆசிரியை மிஸியம்மா புதன்கிழமைதோறும் ஒரு நாடகம் வாசிக்க வைத்தார். கிட்டத்தட்ட முந்நூறு வருடங்களுக்கு முன் கடலுக்கு அப்பால் ஓர் ஊர். வேதத்தை வைத்தே எல்லாரையும் அளக்கும் சனம். சில சிறுமிகள் வலிப்பு வந்ததுபோல விழுந்து, இன்னின்ன பெண்கள் சூனியக்காரிகள் என்று கைகாட்டுவார்கள். செய்தேன் என்று ஒப்புக்கொண்டால் உயிர் மிஞ்சும். மறுத்தால் தூக்கு.

"எங்க கரையில இப்படி விழுந்தா ஒரு கொடம் தண்ணிய மூஞ்சியில ஊத்துவாவ. எல்லாப் பேயும் எறங்கி ஓடிரும்" என்றாள் மீனவர் வீட்டுச் செசிலி. வகுப்பே சிரித்தது. ராஜபாய் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள். தேடிப் போனபோது மலச்சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று அது அவள் வேலை அல்ல.

கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் அம்மா ரத்தினம் ஊர் மருத்துவச்சி. 1949 மழைக்காலத்தில் அவள் பேறு பார்த்து எடுத்த மூன்று பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஏழாம் எட்டாம் நாளில் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து. ஞாயிறு ஆராதனையில் ஒரு பெண் விழுந்து புரண்டு ரத்தினத்தின் பெயரைக் கத்தினாள். சபை மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். செய்வினை செய்தேன், மன்னியுங்கள் என்று கடிதம் தந்தால் சபையில் இருக்கலாம். இல்லையென்றால் பெயர் வெட்டப்படும். இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, மகள் படிக்கச் சபையின் சிபாரிசுக் கடிதமும் இல்லை.

"எங்கம்மைக்கு எழுதத் தெரியாது. நாந்தான் எழுதுனேன். அவ பெருவிரல வச்சா. எழுத்து அழகா இருக்குன்னு மூப்பர் சொன்னாரு."

அப்போது இவளுக்குப் பதினாலு வயது.

அவளை அரித்தது அது மட்டுமல்ல. பத்து நாளுக்கு முன்புதான் பிரசவ வகுப்பில் எங்களுக்குப் பச்சிளம் பிள்ளையின் இசிவு நோயைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது. கொதிக்க வைக்காத இரும்பால் தொப்புள்கொடியை அறுத்தால் வருவது. ரத்தினம் பாக்குவெட்டியால் அறுத்துச் சாணிச் சாம்பல் வைப்பாள்.

"சூனியம் இல்ல பிள்ளே. பாக்குவெட்டி" என்றாள்.

சபையில் போய் இதைச் சொல்லிக் கடிதத்தைத் திரும்ப வாங்குவேன் என்றாள். அதற்குள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் நீர் கோத்துவிட்டதாக ஆள் வந்தது. இருவரும் லீவு போட்டுப் போனோம். நான் கால்மாட்டில் உட்கார்ந்து வீக்கத்தைப் பார்த்தேன். அதிக நாள் இல்லை. பாக்குவெட்டி விஷயத்தை ராஜபாய் அம்மாவிடம் மறைக்கவில்லை.

ரத்தினம் ஓலைக்கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அப்பம் மூணையும் நாந்தான் கொன்னேனா?"

"ஒனக்கு யாரும் சொல்லித் தரல்லம்மா."

"ஒரு சட்டி வெந்நி. அவ்வளவுதானா?" பிறகு மகளின் கையைப் பிடித்தாள். "மக்கா, இப்பம் ஒண்ணும் பேசப்பிடாது. பேர வெட்டிருவாவ. எனக்கு ஒங்கப்பன் பக்கத்துல கெடக்கணும். நான் குழிக்குள்ள போறது வரைக்கும் வாயத் தொறக்காத."

நாலாம் நாள் செத்தாள். குழியருகே மூப்பர் டைட்டஸ், இந்தச் சகோதரியைச் சூனியத்திலிருந்து மீட்டதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஜெபித்தார். ராஜபாய் தலை குனிந்து நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். மண் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மண்வெட்டி மண்ணும் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எங்கம்மை சூனியம் வைக்கல்ல. அந்தக் கடிதம் பொய். பாக்குவெட்டிய வெந்நியில போடல்ல, அதுல வந்த நோவு. கடிதத்தத் திருப்பித் தாருங்கோ."

மூப்பர் பேசுமுன், செத்த பிள்ளைகளில் ஒன்றின் தாய் செல்லத்தங்கம் முன்னால் வந்தாள்.

"அப்பம் எம்பிள்ளையக் கொன்னது அவதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆமாக்கா. தெரியாமக் கொன்னா" என்றாள் ராஜபாய்.

செல்லத்தங்கம் புதுமண்ணில் காறித் துப்பிவிட்டுப் போனாள். கடிதம் சபைக்குச் சொந்தம், உன் பெயர் வெட்டப்படும் என்றார் மூப்பர். வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கென்று வைத்த கஞ்சியை நாங்கள் இருவரும் குடித்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தோம்.

அடுத்த புதன்கிழமை நாடகம் முடிந்தது. ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள் தூக்குமேடைக்குப் போனார்கள். செசிலிகூட மூக்கைச் சிந்தினாள். என்ன தோன்றுகிறது என்று மிஸியம்மா கேட்டார்.

"ஒப்புக்கிட்டு வீட்டுக்குப் போனவிய பொறவு எப்படி இருந்தாவன்னு இதுல எழுதல்லியே, மிஸியம்மா?" என்றாள் ராஜபாய்.

மிஸியம்மா சில பக்கங்களைப் பின்னால் புரட்டிப் பார்த்தார். "இல்லை" என்றார்.

மணி அடித்தது. அவளுக்கு அன்று பிரசவ வார்டு. கத்தரிக்கோலை நாற்பது நிமிடம் கொதிக்க வைத்தாள். இருபது போதும் என்று அவளுக்கும் தெரியும்.